மாலை போட்ட மழை நாயனக்காரர்

செத்துப்போனதாக ஊரே துக்கம் விசாரித்துவிட்டுப் போன பிறகு, கல்யாண வீட்டுக்கு வந்து, பலகாரப் பந்தியில் உட்கார்ந்து, கேசரியை இன்னொரு கரண்டி போடச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கெட்டிமேளமும் வாசித்த மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் கிள்ளான்காரர். வேறு ஊர்க்காரர் யாராவது சொந்தம் கொண்டாடி வந்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

அவருக்கும் தாய் தகப்பன் ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். யார் கண்டது? கிள்ளானில் அவர் மழை நாயனக்காரர், அவ்வளவுதான். தான் நாயனம் ஊதினால் மழை வரும் என்பது அவர் கட்சி. வரத்தான் செய்தது. கிள்ளானில் சாயங்காலம் மழை வராமல் இருந்தால் அல்லவா அதிசயம்! ஆனாலும் மனிதர் விவரமானவர். மேற்கே வானம் கறுக்கிற வரைக்கும் வாத்தியத்தை உறையிலிருந்து எடுக்கவே மாட்டார்.

நான் அப்போது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே ஆபீஸ் கிராணி, குமாஸ்தா உத்தியோகம். நாலு எழுத்து இங்கிலீஷ் படித்த திமிர் வேறு. "மாமா, இந்த ஊர்ல நாய் குலைச்சாலும்தான் மழை வருது" என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.

"நாய் குலைச்சு வர்றது தூத்தல், தம்பி. நான் ஊதி வர்றதுதான் மழை. நனைஞ்சு பாரு, வித்தியாசம் தெரியும்" என்றார்.

ஒரு வருஷம் நிஜமாகவே மழை பொய்த்தது. ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர், கிணறெல்லாம் வற்றிப்போன கவலையில், யாரோ சொன்னதைக் கேட்டு இவரை வரவழைத்தார். இவரும் போய் ஊதினார். காலையிலிருந்து வெயில் சாயும்வரை ஊதினார். வானம் அசைந்து கொடுக்கவில்லை. துரையின் முகம்தான் சிவந்தது. நம்மவர் அசருவாரா? "இங்க பெய்யாட்டி என்ன, மோரிப்புல பெஞ்சிருக்கும். ஆள் விட்டு விசாரிங்க தொரே" என்றார். துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னுடைய பெரிய கறுப்புக் குடையைத் தூக்கிக் கொடுத்து, "போகும்போது நனையாதே" என்று கேலி செய்து அனுப்பினார். மாட்டுவண்டி தோட்டத்து எல்லையைத் தாண்டியதுதான் தாமதம், கொட்டியதே பாருங்கள் ஒரு மழை! அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு கிள்ளானுக்குள் நுழைந்தவர், அப்புறம் வெயிலிலும் அதை மடக்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வாசிப்பில் ஆள் சுமார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் தோடி எடுத்தால் பாசாரில் மீன் பேரம் பேசுகிறவர்கள்கூட வாயை மூடுவார்கள். கோலாலம்பூர்த் திருவிழாக்களில் அவரைக் கேட்க ஜனம் அடுத்த சடக்கு வரைக்கும் தெருவை அடைத்து நிற்கும். மழை விஷயத்தில் நான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். வாசிப்பு விஷயத்தில் வாயைத் திறந்ததில்லை.

இப்படிப்பட்டவரைச் சாகடித்தது எங்கள் ஊர் வாசகசாலைக் காரியதரிசி. கொலை இல்லை, பாசம்தான். அவருக்கு ஊரார் வைத்த பெயர் தீர்மானம். கூட்டம் போட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றாமல் கொட்டாவிகூட விடமாட்டார். அவர் ஒரு தடவை கோலாலம்பூருக்குப் போய்ப் பொருட்காட்சிசாலையில் பாடம் பண்ணிய புலியைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் இல்லை.

"காட்டுல திரிஞ்ச புலிக்குக் கண்ணாடிப் பெட்டி வச்சிருக்கான். நம்ம மழைக்கு என்னலா குறைச்சல்?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். தீர்மானம் நிறைவேறியது. வாசகசாலைக்குப் பக்கத்து அறையில் கண்ணாடிப் பெட்டி வைத்து, நாயனம், அதன் உறை, துரை கொடுத்த குடை, வெற்றிலைப் பெட்டி, ஒரு ஜோடிச் செருப்பு எல்லாவற்றையும் அடுக்கினார்கள். கச்சேரி வந்தால் நாயனத்தை எடுத்துக்கொள்ளலாம், முடிந்ததும் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று பேச்சு. சாவி காரியதரிசியின் இடுப்பில். சுவரில் மழை நாயனக்காரரின் பெரிய போட்டோ.

அந்த ஒரு சனிக்கிழமையை நான் எப்படி மறப்பேன்! காட்சியைப் பார்க்கலாம் என்று பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி ஆசையாக ஊருக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால், சுவரில் போட்டோ. போட்டோவுக்கு ரோஜாமாலை. நெற்றியில் சந்தனம், குங்குமம். கீழே குத்துவிளக்கு எரிகிறது. ஊதுவத்திப் புகை வேறு.

போன வாரம்தானே ரயிலடியில் பார்த்தேன்! ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதா, பாவிகளா! அப்படியே விளக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மூக்கைச் சிந்திக்கொண்டு இருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏன் தம்பி அழுவுற? ஆபீஸ்ல திட்டிட்டானா?"

திரும்பினால், வாயில் வெற்றிலையோடு அவரேதான். நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்துவிட்டார்கள்.

நான் நேரே போய்க் காரியதரிசியைப் பிடித்துக்கொண்டேன். "உயிரோட இருக்கிற மனுசன் படத்துக்கு யாராவது மாலை போட்டு விளக்கேத்துவாங்களா? புத்தி இருக்காலா?"

"ஆபீஸ்ல ராஜா படத்துக்கு மாலை போடுறோம். ராஜா செத்துட்டாரா? சாமி படத்துக்குப் போடுறோம். சாமி செத்துடுச்சா?" என்று அவர் வக்கீல் மாதிரி கேட்டார். கேட்டதும் சரிதான். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

சம்பந்தப்பட்டவர் என்ன செய்தார் தெரியுமா? ஆரம்பத்தில் ஜாலியாக இருந்தார். கச்சேரி இல்லாத நாளில் எல்லாம் அந்த அறைக்கு வந்து, தன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், இவரைப் பார்ப்பார்கள், "அண்ணே, நீங்க அவரு தம்பியா? அதே சாடை!" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். "நான்தான் அவரு" என்று இவர் சொல்லிப் பார்த்தார். துக்கத்தில் ஏதோ உளறுகிறார் என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அதன்பிறகு தம்பியாகவே இருந்துவிடலாம் என்று முடிவு பண்ணிவிட்டார். செத்தவரைப் பற்றி ஜனம் எவ்வளவு நல்லதாகப் பேசுகிறது! நேரில் ஒருத்தனாவது இப்படிப் பேசியிருப்பானா?

"தங்கமான மனுசன்" என்பார் ஒருவர்.

"அப்படியா? இன்னும் என்னென்ன நல்ல குணம் அவருக்கு?" என்று இவர் தலையைச் சாய்த்துக் கேட்பார்.

காட்சியையும் அவரே விளக்கிச் சொல்வார். "குடை, தொரை குடுத்தது. வெத்தலப் பெட்டி, அசல். செருப்பு மட்டும் அவரோடது இல்ல. அவரு இதைவிட நல்லதாத்தான் போடுவாரு." ஒருநாள் ஒரு பெரியவர், "ஆளு நல்லவர்தான், வாசிப்புதான் கொஞ்சம் சுமார்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். "யாருய்யா சுமாரு? எவன் சொன்னான் சுமாருன்னு?" என்று செத்தவர் அவரை வாசல் வரைக்கும் துரத்திக்கொண்டு போனார்.

கூத்தெல்லாம் கொஞ்ச நாள்தான். அப்புறம் கச்சேரிக்கு ஆள் வருவது நின்றுவிட்டது. காட்சியைப் பார்த்துவிட்டுத் தோட்டந்தோட்டமாகத் திரும்பிப்போன ஜனம், மழை நாயனக்காரர் போய்விட்டார் என்று சொல்லிவிட்டது. வழக்கமாகக் கூப்பிடுகிற கல்யாண வீடுகள் வேறு மேளச் செட்டைப் பேசிக்கொண்டன. அவர் மட்டும் மசியவில்லை. "போறவன் போறான். பாப்பா கல்யாணம் இருக்கில்ல?" என்றார்.

பாப்பா என்றது என் தங்கை செல்லம்மாவை. எங்கள் வீடும் அவர் வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு. அந்த நாயனத்துக்கு உறை தைத்தது அவள்தான். சின்ன வயதில், எங்கள் அம்மாவின் பழைய பட்டுச்சேலையைக் கிழித்து, கோணல்மாணலாகத் தைத்துக் கொடுத்தாள். சேலையைக் கிழித்ததற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அவள்தான். "உன் கல்யாணத்துக்கு இந்த உறையிலேர்ந்து எடுத்துத்தான் பாப்பா வாசிப்பேன்" என்று அன்றைக்கே அவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் காஜாங்கில் மளிகைக்கடை வைத்திருந்தார்கள். சம்பந்தி நல்ல மனிதர், ஆனால் சகுனம் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். தேதி குறிக்க வந்தவரைக் காரியதரிசி சும்மா விடுவாரா? பெருமையாகக் காட்சிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். சம்பந்தி மாலையைப் பார்த்ததும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"பாவம். எப்பங்க தவறினாரு?"

"இவருதாங்க நம்ம கல்யாணத்துக்கு வாசிக்கப் போறவரு" என்றேன் நான்.

"வணக்கமுங்க" என்று மழை நாயனக்காரரும் அந்த நேரம் பார்த்துப் படத்துக்குப் பக்கத்திலிருந்து முன்னால் வந்தார். சம்பந்தி எகிறிக் குதித்ததில் குத்துவிளக்கு சாய்ந்து, ஊதுவத்தி பறந்து, கண்ணாடிப் பெட்டி தப்பித்தது தெய்வச் செயல்.

ஒருவழியாக மூச்சு வாங்கிக்கொண்டு சம்பந்தி சொன்னார்: "உசிரோட இருக்காரு, ரொம்ப சந்தோசம். ஆனா விளக்கேத்தி மாலை போட்ட ஆளுலா இவரு. மங்கள காரியத்துக்கு வேணாங்க."

"மாலையைக் கழட்டிடுறோங்க" என்றேன்.

"கழட்டிட்டா போட்டது போடாததா ஆயிடுமா?" என்றார். தன் வீட்டில் கிராமபோன் இருப்பதாகவும், சென்னப்பட்டணத்து நாயனமே அதில் கேட்கும் என்றும், அதையே கொண்டுவந்துவிடுவதாகவும் சொல்லி முடித்துவிட்டார். பெண் வீட்டுக்காரர்கள் நாங்கள். என்ன பேச முடியும்?

அன்றைக்குச் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெளியே மழை. குடை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததால் நனைந்துகொண்டே வந்தார். அவர் நனைந்து நான் பார்த்தது அன்றுதான்.

"வாசிக்கத் தெரியலைன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன் தம்பி. ஆகாதவன்னுட்டாரே! பக்கத்து வீட்டுப் பொண்ணு கல்யாணத்துலயே என்னை ஆகாதுன்னுட்டா, இனிமே எவன் கூப்பிடுவான் மங்கள காரியத்துக்கு?" என்றார்.

செல்லம்மா உள்ளேயிருந்து துண்டை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். "மாமா, நீங்க வாசிக்க வேணாம். சாப்பிட வாங்க. வருவீங்கல்ல?" என்றாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே தலையாட்டினார். நான் அங்கே நிற்க முடியாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

கல்யாணத்தன்று, வழக்கமாகச் சாயங்காலம் வருகிற மழை காலையிலேயே வந்துவிட்டது. எங்கள் பந்தலுக்கு மேலே தகரம். கிள்ளான் மழை தகரத்தில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று கிள்ளான்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவன் வாயைப் பார்த்துத்தான் என்ன பேசுகிறான் என்று ஊகிக்க வேண்டும். சம்பந்தி ரயிலடியிலிருந்து வரும்போது குடையைக் கிராமபோனுக்குப் பிடித்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். கிராமபோனை மணவறைக்குப் பக்கத்தில் வைத்துச் சாவி கொடுத்தார். தட்டு சுற்றியது. சத்தம் வந்ததா இல்லையா என்பது அந்தக் கிராமபோனுக்கே வெளிச்சம். அதன் குழாய்க்குள் காதை விட்டுப் பார்த்தவர்கள் ஏதோ கேட்கிறது என்றார்கள்.

அப்போதுதான் சம்பந்தி முதல் தும்மலைத் தும்மினார்.

பந்தலில் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. தாலி கட்டுகிற நேரத்தில் ஒற்றைத் தும்மல் காதில் விழுந்தால் என்ன அர்த்தம் என்று சகுனம் பார்க்காத எனக்கே தெரியும். அதெல்லாம் காதில் விழாமல் இருக்கத்தானே கெட்டிமேளமே கொட்டுகிறோம்! மனிதர் சாதாரணமாகவும் தும்மவில்லை. அந்த மழைச்சத்தத்தையும் மீறிக் கேட்கிற தும்மல். அடுத்தது மூக்கு நுனியில் நிற்கிறது என்று அவர் முகமே சொன்னது. துண்டை வைத்து மூக்கை அழுத்திக்கொண்டு, கண்ணெல்லாம் தண்ணீராக ஐயரைப் பார்த்தார். ஐயர் கிராமபோனைப் பார்த்தார்.

மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டிய என் தங்கை தலையை நிமிர்த்தினாள். "மழை மாமாவைக் கூப்பிடுங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள். தகரத்து மழையைத் தாண்டிப் பந்தி நடக்கும் இடம் வரைக்கும் கேட்டது.

மாமா அங்கே கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாயனம் கண்ணாடிப் பெட்டிக்குள். சாவி, பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த காரியதரிசியின் இடுப்பில். நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

"தீர்மானம் இல்லாம எடுக்க முடியாதுலா. கச்சேரின்னு முன்கூட்டிச் சொல்லணும்" என்றார் அவர், இட்லியைப் பிட்டுக்கொண்டே.

"யோவ், தாலி கட்டப் போறாங்கய்யா!"

"கோவப்படாதப்பா. உறுப்பினர் எல்லாம் இங்கதான் சாப்பிடுறாங்க" என்று எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "இதை அவசரக் கூட்டமா வச்சுக்குவோம். நாயனத்தை வெளிய எடுக்கலாம்னு தீர்மானம். ஆட்சேபணை உள்ளவங்க கை தூக்கலாம்."

எல்லார் கையிலும் சாம்பார். ஒருவரும் தூக்கவில்லை. ஏகமனதாக நிறைவேறியது. "அந்தக் குடைக்கும் சேர்த்து நிறைவேத்துங்கய்யா" என்று நான் கெஞ்ச, "குடைக்குத் தனித் தீர்மானம்" என்று மறுபடி ஒரு தடவை செருமினார். அதுவும் நிறைவேறியது. சாவியை வாங்கிக்கொண்டு நான் பிடித்தேன் ஓட்டம். திரும்பி வரும்போது குடை நாயனத்துக்கு, மழை எனக்கு.

மாமாவோடு வாசிக்கிற தவுல்காரருக்கு இந்தச் சிக்கலே இல்லை. அவரைப் பிரபலம் என்று யாரும் நினைக்காததால் தவுல் பத்திரமாக அவர் வீட்டிலேயே இருந்தது. பக்கத்துச் சந்துதான் வீடு. நான் வருவதற்குள் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

மழை நாயனக்காரர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அந்தக் கோணல் உறையிலிருந்து வாத்தியத்தை எடுத்தார். செல்லம்மாவைப் பார்த்து, உறையை ஒரு தடவை உயர்த்திக் காட்டினார். சீவாளியை எச்சில்படுத்தி வாயில் வைத்தார். வைத்தவர், ஊதவில்லை. சம்பந்தியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஐயர் விரலை ஆட்டுகிறார். மாப்பிள்ளை தாலியோடு கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். சம்பந்திக்கு மூக்கு துடிக்கிறது.

"மாலை போட்ட ஆளு ஊதலாங்களா?" என்று கேட்டார் நம்மவர், மிக மரியாதையாக.

"ஐயா! செத்தாருன்னு பேச்சுக் கெளம்பினா ஆயுசு கெட்டிலா! உங்களை மாதிரி ஆயுசு கெட்டியான ஆளு கெடைக்குமா! ஊதுங்கய்யா... ஊ..."

தும்மலும் நாயனமும் ஒன்றாகத்தான் கிளம்பின. கேட்டது நாயனம் மட்டும்தான். தவுல் இடித்தது. மேலே மழை இடித்தது. மழை தோற்றது. என் தங்கை கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை, கண்ணில் தண்ணீர் மறைத்துவிட்டது. மழைத் தண்ணீர் என்றுதான் அப்போது எல்லாரிடமும் சொன்னேன். மழை விட்டபிறகும் அவர் விடவில்லை. சம்பந்தி மனம்விட்டுத் தும்மிக்கொண்டே தாளம் போட்டார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. செத்தும் சாகாத நாயனக்காரர், ஆயுசு கெட்டிக்காரர், அவர் ஊதினால் தம்பதிக்கும் ஆயுசு கெட்டி என்று காஜாங் முழுக்கச் சம்பந்தியே சொல்லிவைத்தார். கல்யாண வீடுகள் எல்லாம் இவர் வாசலில் வந்து நின்றன. ஊரில் இருந்த கிழவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆளுக்கொரு போட்டோவும் மாலையுமாக வாசகசாலைக்கு வந்து, "என் படத்தையும் கொஞ்ச நாள் மாட்டி வைங்கலா, உடம்பு சரியில்ல" என்று வரிசையில் நின்றார்கள். காரியதரிசி அரண்டுபோய் அன்றே கூட்டம் போட்டார். இந்தக் காட்சியில் உள்ள படத்துக்கு எவரும், எக்காலத்திலும், மாலை போடக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. எக்காலத்திலும் என்ற வார்த்தையை மழை நாயனக்காரரே சொல்லிச் சேர்க்க வைத்தார்.

போன ஐப்பசியில் அவர் போய்விட்டார். இந்தத் தடவை நிஜமாக. அன்றும் மழை பெய்தது. கிள்ளானில் என்றைக்குத்தான் பெய்யவில்லை என்று நான் சொன்னால் செல்லம்மா அடிக்க வருகிறாள்.

சென்ற வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் நல்ல ரோஜாமாலையாகக் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். காட்சி அப்படியே இருக்கிறது. நாயனம், உறை, குடை, அவருடையது அல்லாத அந்தச் செருப்பு. சுவரில் படம் வெறுமனே இருந்தது. நான் மாலையை எடுத்ததும் காரியதரிசி குறுக்கே வந்துவிட்டார்.

"தீர்மானம் இருக்குலா."

"இப்ப போடலாமேய்யா. ரத்து பண்ணுங்க. கூட்டம் போடுங்க."

"போட மாட்டேன்" என்றார். ஆயுளில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தை வேண்டாம் என்றார். சொல்லிவிட்டு, சாவியை எங்கோ வைத்துவிட்டது போல இடுப்பைத் தடவிக்கொண்டே பக்கத்து அறைக்குள் போய்விட்டார்.

அந்த நேரத்தில் ஒரு புருஷனும் பெண்சாதியும் உள்ளே வந்தார்கள். சாலாக் செலாத்தானிலிருந்து வருகிறார்களாம். படத்தைப் பார்த்தார்கள், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் புருஷன் காதில் ஏதோ சொல்ல, அவர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, தை மாசம் எங்க மகளுக்குக் கல்யாணம். இவரு வருவாருங்களா?"

நான் கையிலிருந்த மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குத்தான் திறந்தேன். ஆனால் தவுல்காரர் வீட்டுக்குத்தான் வழி சொன்னேன். அவரிடம் கேட்டால் நல்ல செட்டாகப் பேசி அனுப்புவார் என்றேன். அவர்கள் கும்பிட்டுவிட்டு வாசல் வரைக்கும் போய்விட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கூப்பிட்டேன்.

"பந்தலுக்கு மேல தகரம் போட்டு வைங்க. இவரு ஊதினா மழை வரும்."